தம்புச் செட்டித் தெரு வக்கீல் அலுவலகம்: புத்தகத்தின் எடையும் பேச்சின் ஒலியும்

தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு, அர்மீனியன் தெரு. இந்த வட்டாரத்தில் வக்கீல்கள் அலுவலகம் பிடிப்பதற்கு ஒரே காரணம், என்.எஸ்.சி. போஸ் சாலையைக் கடந்தால் உயர் நீதிமன்றம். 1892இல் நீதிமன்றம் இப்போதைய சிவப்புக் கட்டடத்துக்கு வந்ததிலிருந்து இதே கதைதான். இடம் வசதி, கட்டடம்தான் தொல்லை. ஜார்ஜ் டவுன் மனைகள் ரயில் பெட்டிபோல் ஒடுங்கி நீண்டவை. முன்பாதி பழைய சுண்ணாம்புக் கட்டு, பின்பாதி பிற்காலத்தில் ஒட்டிய கான்கிரீட், நடுவில் வெளிச்சத்துக்கு ஒரு முற்றம்.

இங்கே ஆய்வுக்கு எடுத்துக்கொள்வதும் அப்படிப்பட்ட ஒரு முதல் மாடிதான். உள்ளளவு 19 அடி அகலம், 105 அடி நீளம். ஏறத்தாழ 2,000 சதுர அடி. 3 சீனியர்கள், 8 ஜூனியர்கள், 2 குமாஸ்தாக்கள், டைப்பிஸ்ட், கணக்கர், வரவேற்பாளர், உதவியாளர் என 17 பேர். கையில் 2,400 புத்தகத் தொகுதிகள், நடப்பில் உள்ள 1,100 கேஸ் கட்டுகள். கேட்டது "மாடர்ன் ஆபீஸ்": கண்ணாடி அறைகள், தெருவைப் பார்த்த சீனியர் சேம்பர், உள்ளே நுழைந்ததும் கண்ணில் படும்படி சுவர் முழுக்கப் புத்தகம்.

மூன்றுமே நடக்கவில்லை. நடக்காமல் போனது நல்லதுக்குத்தான் என்பது கீழே வரும் கணக்குகளைப் பார்த்தால் விளங்கும். வக்கீல் அலுவலகத்தின் வரைபடத்தை இரண்டு விஷயங்கள் முடிவு செய்கின்றன: காகிதம் எவ்வளவு கனக்கிறது, பேச்சு எங்கே கசிகிறது. அழகு அதற்குப் பிறகுதான்.

புத்தகம் எங்கே நிற்கும்?

முன்பக்க 38 அடிக்குத் தளமும் கூரையும் மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரம், அதன்மேல் ஓரடி இடைவெளியில் கட்டைகள், அவற்றின்மேல் சுண்ணாம்புச் சாந்தில் குத்துவாக்கில் அடுக்கிய மெல்லிய செங்கல், மேலே ஜல்லிக் கலவை. நூறு ஆண்டு தாங்கும், மரத்தில் கரையான் ஏறாதவரை. ஆனால் ஒரே இடத்தில் டன் கணக்கில் எடை வைக்கக் கூடாது.

கட்டடச் சுமைக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 875 இரண்டாம் பாகம் தனிக் கோப்பறை உள்ள அலுவலகத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 2.5 கிலோநியூட்டன் சுமை கணக்கிடச் சொல்கிறது. கிலோவில் சொன்னால் ஏறத்தாழ 255. நூலக அடுக்கறைக்கு 2.2 மீட்டர் உயரம் வரை 6 கிலோநியூட்டன், அதாவது 600 கிலோவுக்கு மேல். சட்டப் புத்தகத்துக்கு இந்த வித்தியாசம் ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை. எம்.எல்.ஜே., எஸ்.சி.சி. போன்ற தீர்ப்புத் தொகுப்புகளின் அளவிலான தொகுதிகள் ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 18 நிற்கும். எடை 30 முதல் 35 கிலோ. ஏ.ஐ.ஆர். போன்ற பெரிய தொகுதிகள் மீட்டருக்கு 45 கிலோவைத் தொடும். சராசரி 40 என்று வைத்தால், 7 தட்டு உள்ள அலமாரி ஓடும் மீட்டருக்கு 280 கிலோ. அலமாரியின் சொந்த எடையோடு 320. அதையே முதுகோடு முதுகாக இரட்டை வரிசையாக அறை நடுவில் நிறுத்தி, 3 அடி நடைவழி விட்டால் சதுர மீட்டருக்கு 427 கிலோ. சாதாரண அலுவலகத் தளம் அதற்குக் கட்டப்பட்டதல்ல. தண்டவாளத்தில் நகரும் காம்பாக்டர் கேட்டார்கள். நடைவழிகளையும் காகிதத்தால் நிரப்பும் சாதனம் அது. இந்தக் கட்டடத்தில் பேச்சுக்கே இடமில்லை.

முதல் வேலை புத்தகத்தைக் குறைப்பது. இணையத்தில் சந்தா கட்டிப் பார்க்கும் தொகுப்புகளின் அச்சுப் பிரதி எதற்கு என்று ஒவ்வொரு வரிசையாகக் கேட்டு, 2,400 தொகுதிகள் 1,500 ஆயின. இதை வடிவமைப்பாளர் செய்ய முடியாது. சீனியர் ஒருவர் அலமாரி முன்னால் நின்று கை காட்ட வேண்டும். மூன்று சனிக்கிழமை போயிற்று. 1,500 தொகுதிக்கு 84 மீட்டர் தட்டு, 12 மீட்டர் அலமாரி, மொத்தம் சுமார் 3.3 டன் புத்தகம். அதைப் பின்பக்கக் கான்கிரீட் பகுதியில், இரு பக்கச் சுவர்களை ஒட்டி 6 மீட்டர் வீதம் பிரித்தாயிற்று. கீழ்த்தளச் சுவர் நேராக இருக்கும் இடமாகப் பார்த்ததால் எடை தளத்தின் நடுவில் விழவில்லை. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கம்பி ஸ்கேனரால் தளத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் தச்சு வேலைக்கு ஆர்டர். அந்தக் கையெழுத்து இல்லாமல் இந்தத் தெருவில் யாரும் அலமாரி அடிக்கக் கூடாது.

அலமாரியின் அகலம் 600 மி.மீ. தச்சர் 900 வைத்தால் பலகை மிச்சம் என்றார். 18 மி.மீ. பிளைவுட், 300 மி.மீ. ஆழம், மீட்டருக்கு 45 கிலோ என்று போட்டால் 900 மி.மீ. தட்டு முதல் நாளே 4 மி.மீ.க்கு மேல் தொய்யும். மரம் களைப்படையக் களைப்படைய அது காலப்போக்கில் இரட்டிப்பாகும். 600 மி.மீ. தட்டில் தொய்வு 1 மி.மீ.க்கும் குறைவு. நீளம் ஒன்றரை மடங்கானால் தொய்வு 5 மடங்கு. அதனால் பல அலுவலகங்களில் அலமாரிகள் ஓராண்டில் சிரிக்கத் தொடங்கிவிடுகின்றன. முன்விளிம்பில் 40 மி.மீ. தேக்குப் பட்டை ஒட்டியது கூடுதல் காப்பு.

கேஸ் கட்டுக்கு ஆழம் வேறு. பழைய லீகல் தாள் 356 மி.மீ. நீளம், உச்ச நீதிமன்றம் 2020 முதல் ஏ4 தாளுக்கு மாறியது, அது 297. புதிய அளவை மட்டும் பார்த்து 300 மி.மீ. ஆழத்தில் தட்டு அடித்தால் பழைய மேல்முறையீட்டுக் கட்டுகள் எல்லாம் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும். கட்டுத் தட்டுகளின் ஆழம் 400. கட்டுகளைச் செங்குத்தாக நிறுத்தாமல் படுக்கவைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்துக்கு மேல் போகாதபடி தட்டுக்குத் தட்டு 250 மி.மீ. விட்டது. ஆறாவது கட்டு வந்தால் அடியில் உள்ளதை உருவும்போது அதைக் கட்டிய டேக் நாடா அறுகிறது.

சுவரிலிருந்து 50 மி.மீ. தள்ளித்தான் எல்லா அலமாரியும். பழைய சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுக்கும், விடும். பின்பலகையை ஒட்டவைத்தால் அந்த ஈரம் புத்தகத்துக்கு வரும். அந்தச் சுவரில் ஆணியும் பிளக்கும் நிற்காது, ஆகவே அலமாரி தரையில் நிற்கும் சட்டமாக இருக்க வேண்டும். சிமென்ட் பூச்சும் பிளாஸ்டிக் பெயின்ட்டும் வேண்டவே வேண்டாம். உள்ளே மாட்டிய ஈரம் முதல் ஐப்பசி மழையிலேயே கொப்புளமாக வெடிக்கும். சுண்ணாம்புப் பூச்சு, மேலே சுண்ணாம்பு வெள்ளை.

கட்சிக்காரர் எங்கே நிற்க வேண்டும்?

இந்த அலுவலகம் காலை 10 முதல் மாலை 4.30 வரை பாதி காலி. உண்மையான கூட்டம் மாலை 6 முதல் 8.30 வரை: கோர்ட்டிலிருந்து திரும்பிய 17 பேரோடு கட்சிக்காரர்கள், அதாவது வழக்கோடு வருகிறவர்கள், 15 பேர். பாகப்பிரிவினை வழக்கென்றால் அம்மா, அண்ணன், மச்சான் சகிதம் எட்டுப் பேர் வந்து இறங்குவார்கள். பகல் ஆள்கணக்கை வைத்து நாற்காலியும் ஏசியும் போட்ட அலுவலகங்களில் மாலையில் மூச்சு முட்டுவது இதனால்தான். வெளிக்காற்றை 32 பேருக்குக் கணக்கிட்டதில் நிமிடத்துக்குச் சுமார் 280 கன அடி வந்தது. 17 பேருக்குப் போட்டிருந்தால் 205தான்.

வரிசை இப்படி அமைந்தது. தெருப்பக்கம் 18 அடி வரவேற்பு. அடுத்த 20 அடியில் இரண்டு கலந்தாலோசனை அறைகள்: பெரியது 14½ × 12 அடி, 10 பேருக்கு, சிறியது 14½ × 7½ அடி, 4 பேருக்கு. பக்கத்தில் 4 அடி நடைவழி. பிறகு 14 அடியில் முற்றம், கழிப்பறை, காபி மேடை. அதற்கப்பால் 32 அடியில் மூன்று சேம்பர்கள். கடைசி 21 அடி ஜூனியர்களின் கூடம், அதுவே நூலகம். முற்றத்தருகே நடைவழியில் அட்டை வைத்துத் திறக்கும் கதவு; கட்சிக்காரர் பொதுவாக அதைத் தாண்டுவதில்லை. சீனியர்தான் முன்னால் வருவார். பெரிய அறைக்கு இரண்டு கதவுகள்: ஒன்று வரவேற்பின் பக்கம், மற்றது அட்டைக் கதவுக்கு உட்புறம். சமரசப் பேச்சுக்கு எதிர்க்கட்சிக்காரர் வந்தால் ஒருவர் முன்வழியாக, ஒருவர் பின்வழியாக.

ஜூனியரின் மேசைமேல் பிரித்துப் போட்டிருக்கும் கட்டை இன்னொரு கட்சிக்காரர் நடந்துபோகையில் படித்துவிடலாம் என்பது வெறும் சங்கடம் இல்லை. வக்கீலிடம் சொன்னது வெளியே போகக் கூடாது என்பது சட்டம். முன்பு சாட்சியச் சட்டத்தின் 126ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதினியத்தின் 132ஆம் பிரிவு. அந்தப் பிரிவைக் கட்டடத்தில் எழுதும் இடம் இந்த அட்டைக் கதவு.

வரவேற்பில் 12 இருக்கை. செருப்பைக் கழற்றிவிட்டு வருகிறவர்கள் பலர் என்பதால் வாசலிலேயே 15 ஜோடிக்கு மூடிய தட்டு. இல்லாவிட்டால் படிக்கட்டே செருப்புக் கடையாகும். சாமி படத்தின் விளக்கு புகை உணரியிலிருந்து தள்ளி, சுவர் மாடத்தில். பெயர்ப் பலகையில் "சொத்து, குடும்ப வழக்கு நிபுணர்கள்" என்று பித்தளை எழுத்தில் போட முதலில் திட்டம் இருந்தது. பார் கவுன்சில் ஆஃப் இந்தியா விதிகளில் 36ஆவது விதி விளம்பரத்தைத் தடை செய்கிறது. பலகை மிதமான அளவில் இருக்க வேண்டும், குறிப்பிட்ட வகை வழக்கில் தேர்ச்சி என்றோ, முன்னாள் நீதிபதி என்றோ, சங்கத் தலைவர் என்றோ காட்டக் கூடாது. மற்ற அலுவலகங்களுக்கு வேலை செய்து பழகிய இன்டீரியர்காரர்கள் தவறாமல் சறுக்கும் இடம் இது. பெயர் மட்டும் போட்டார்கள்.

பேச்சு கசியும் வழிகள்

பழைய அலுவலகத்தின் அலுமினியச் சட்டத் தடுப்பு 7 அடியோடு நின்றிருந்தது. சேம்பரில் பேசுவது வரவேற்பில் கேட்கும். புதிதாகக் கேட்ட 12 மி.மீ. ஒற்றைக் கண்ணாடி, ஒலித்தடை அளவான எஸ்டிசியில் 36ஐத் தாண்டாது. குரல் உயர்ந்தால் சொல் புரியும். கலந்தாலோசனை அறைக்கும் சேம்பருக்கும் வேண்டியது 45க்கு மேல்.

தேர்ந்தெடுத்த தடுப்பு: 70 மி.மீ. ஜிஐ ஸ்டட் (துத்தநாகம் பூசிய இரும்பு நிறுத்துச் சட்டம்), 610 மி.மீ. இடைவெளி, இரு பக்கமும் 12.5 மி.மீ. ஜிப்சம் போர்டு இரட்டை அடுக்கு, இணைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழாதபடி மாற்றி. உள்ளே கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியுள்ள ராக்வூல் பஞ்சு 50 மி.மீ. இது 50ஐ ஒட்டி வரும். எடை சதுர மீட்டருக்கு 40 கிலோ. 13 அடி உயரத்துக்கு ஓடும் மீட்டருக்கு 160 கிலோ. அதே உயரத்துக்கு நாலரை அங்குலச் செங்கல் சுவர் பூச்சோடு ஒரு டன்னைத் தொடும். மரத் தளத்தின்மேல் ஜிப்சம்தான் வழி.

சுவர் 50 என்றால் அறை 50 ஆகிவிடாது, கதவு இருக்கிறதே. 16 சதுர மீட்டர் சுவரில் 2 சதுர மீட்டர் கதவு, அடியில் விரல் நுழையும் இடைவெளியோடு, 20தான் தடுக்கிறது என்று வையுங்கள்: மொத்தம் 29. சுவருக்குச் செலவழித்தது போச்சு. அதே கதவை 45 மி.மீ. திடப் பலகையாக்கி, சுற்றிலும் ரப்பர் கேஸ்கெட், அடியில் கதவு மூடும்போது தானே இறங்கும் சீல் வைத்து 35க்குக் கொண்டுவந்தால் மொத்தம் 43. கேட்ட 45க்கு இரண்டு குறைவு. அந்தக் குறையை ஏசியின் சன்னமான இரைச்சல் மூடும். தடுப்பில் மூன்றாவது போர்டு அடுக்குக்குப் பணம் இருந்தால் அதைக் கதவில் போடுங்கள்.

ஒப்படைப்புக்கு முந்தைய சோதனையில், ஒருவர் உள்ளே தினசரியைச் சத்தமாகப் படிக்க, இன்னொருவர் வெளியே நின்று கேட்டார். கருவியில்லாத சோதனைதான், ஆனால் பொய் சொல்லாது. மூன்று இடம் தோற்றது.

முதலாவது, மெட்ராஸ் டெரஸ் கூரை. தடுப்பு கட்டைகளுக்குக் குறுக்கே ஓடியதால், கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே சீப்புப் பல்போலச் சந்துகள். 14½ அடியில் 14 சந்து. வேலையாட்கள் தடுப்பைக் கட்டையின் அடிமட்டத்தோடு நிறுத்தி, மேலே பஞ்சைத் திணித்திருந்தார்கள். ராக்வூல் ஒலியை உறிஞ்சும், தடுக்காது. ஒவ்வொரு சந்துக்கும் அட்டையில் அச்செடுத்து இரட்டை போர்டு வெட்டிப் பொருத்தி, ஓரத்தில் இறுகிப்போகாத அக்ரிலிக் சீலன்ட் அடித்தார்கள். இரண்டு பேருக்கு மூன்று நாள் வேலை, முதல் மதிப்பீட்டில் இல்லாதது.

இரண்டாவது, பின்பக்கச் சேம்பர்களின் ஃபால்ஸ் சீலிங். தடுப்பு கான்கிரீட் தளம்வரை போயிருந்தது, ஆனால் ஏசி திரும்பு காற்றுக்காக அதில் ஒரு அடி சதுர ஓட்டை. சீனியர் பேசுவது அந்த ஓட்டை வழியாக ஜூனியர் கூடத்தின் தலைக்குமேல் இறங்கியது. ஓட்டையில் உட்புறம் பஞ்சு ஒட்டிய, இரண்டு முழங்கை வளைவுள்ள ஒரு பெட்டிக் குழாய் வைத்ததும் அடங்கியது. மூன்றாவது, சுவரின் இரு பக்கமும் ஒரே இடத்தில் முதுகொட்டி வைத்த சுவிட்ச் பெட்டிகள். ஒரு ஸ்டட் தூரம் தள்ளி வைக்கச் சொல்லியிருந்தால் இரண்டாம் முறை உடைக்க வேண்டியிருக்காது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். யூபிஎஸ்ஸில் ஏசி ஓடாது. கரண்ட் போன நிமிடம் மேலே சொன்ன இரைச்சல் அற்றுப்போய், அதுவரை கேட்காத பேச்சு கேட்கத் தொடங்கும். கட்சிக்காரர்களுக்கும் இது தெரிகிறது, தாமாகவே குரலைத் தணிக்கிறார்கள்.

அறைக்குள் எதிரொலி வேறு சங்கதி. பெரிய அறையின் கொள்ளளவு 64 கன மீட்டர். எதிரொலி நேரம் 0.6 விநாடிக்கு வர ஏறத்தாழ 17 சதுர மீட்டர் உறிஞ்சு பரப்பு தேவை. பழைய மரக் கூரையை மூட மனமில்லை. மூடினால் கரையான் வந்தாலும் தெரியாது. ஆகவே கட்டைகளுக்கு நடுவே 14 சதுர மீட்டர் ஃபெல்ட் பலகை, ஒரு சுவரில் 6 சதுர மீட்டர். 0.8 வீதம் உறிஞ்சினால் 16. மீதி நாற்காலித் துணியும் ஆட்களும்.

காணொலி விசாரணை அறை

5 × 6 அடியில் ஒன்று, முற்றத்தருகே. முதல் வரைபடத்தில் வக்கீலின் முதுகுக்குப் பின்னால் முற்றத்து ஜன்னல். கோர்ட் திரையில் கவுன் போட்ட நிழல்தான் தெரியும். மேசையைத் திருப்பி ஜன்னலை முகத்துக்கு எதிரே கொண்டுவந்து, கேமராவுக்கு இரு பக்கமும் 4000 கெல்வின் விளக்கு வைத்தார்கள். பின்சுவர் ஒரே சாம்பல் நிறம், பளபளப்பு இல்லை. இரண்டு திரை: ஒன்றில் நீதிமன்றம், மற்றதில் பிடிஎஃப் கட்டு. வைஃபை இல்லை, கம்பி இணைப்பு. ஐட்டம் நம்பர், அதாவது அன்றைய பட்டியலில் தம் வழக்கின் வரிசை எண், வரும்வரை ஒரு ஜூனியர் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பார். மூடிய சின்ன அறையில் வெளிக்காற்றுக் குழாய் இல்லாவிட்டால் கால் மணியில் வேர்க்கும்.

குமாஸ்தாவின் மேசை

எல்லோரும் சேம்பரை முதலில் வரைகிறார்கள், குமாஸ்தாவின் மேசை மிஞ்சிய மூலையில் போகிறது. உண்மையில் கட்டு உருவாவது அங்கேதான். நின்று வேலை செய்ய 900 மி.மீ. உயரம், 6 அடி நீளம்: பக்கம் எண் போட, துளையிட, டேக் கோக்க, ஸ்கேன் செய்ய. அருகில் திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து அறை. காஸ் லிஸ்ட் என்னும் விசாரணைப் பட்டியல் வந்ததும் அன்றன்றைய கட்டு அதில். வாசலுக்குப் போகும் வழியில் கவுனுக்கு 12 கொக்கி, கண்ணாடி, கழுத்தில் கட்டும் வெள்ளைப் பேண்டுக்கு ஒரு இழுப்பறை.

மேசைமேல் வெளிச்சம் 500 லக்ஸ். ஐஎஸ் 3646 அலுவலகத்துக்குச் சொல்லும் 300 முதல் 750 வரம்பின் நடுவில். பழைய பத்திரம் பார்க்கும் மேசைக்கு மட்டும் நிறத்துல்லியம் 90க்கு மேற்பட்ட விளக்கு. மங்கிய ஊதா முத்திரையும் பின்னால் சேர்த்த மை வேறுபாடும் மலிவு எல்ஈடியில் ஒன்றுபோலத் தெரியும். அலமாரியின் அடித்தட்டிலும் புத்தக முதுகு படிக்க வேண்டும், அதனால் விளக்கு வரிசை அலமாரியிலிருந்து 2 அடி தள்ளி. லேசர் பிரின்டரை யூபிஎஸ்ஸில் சொருகக் கூடாது. சூடேறும்போது இழுக்கும் மின்சாரம் மற்ற கணினிகளையும் சேர்த்து அணைக்கும். மேசைக்கு இரண்டு யூபிஎஸ் சாக்கெட், ஒன்று நேர் மின்சாரம், நிறம் வேறு. மரக் கூரைப் பகுதியில் வயர் எல்லாம் இரும்புக் குழாய்க்குள்.

ஏசியின் கேசட் (கூரையில் பொருத்தும் உள் யூனிட்) எதுவும் அலமாரிக்கு நேர்மேலே இல்லை. தண்ணீர்க் குழாய் 100க்கு 1 சாய்வு. வெளி யூனிட்கள் பின்பக்கக் கான்கிரீட் மாடியில், துறைமுகத்து உப்புக் காற்றுக்காக மேல்பூச்சு உள்ள சுருளோடு. மே மாத விடுமுறையில் அலுவலகம் பூட்டிக் கிடக்கும்போது நூலகத்தின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். 55இல் தானாக இயங்கும் ஈரநீக்கி ஒன்று, வாளி இல்லாமல் நேராக வடிகாலில் இணைத்து.

காலக்கணக்கு

உயர் நீதிமன்றக் கோடை விடுமுறையான மே மாதத்தில் இடிப்பு, வயரிங், தடுப்பு. ஆடி பிறப்பதற்குள் பால் காய்ச்சியாக வேண்டும். ஆக மொத்தம் 10 வாரம். பகலில் தெருவை மீன்பாடி வண்டிகள் அடைத்திருப்பதால் சரக்கு இரவில்தான் இறங்கும். படிக்கட்டு 3 அடி அகலம், நடுவில் ஒரு திருப்பம். 8 × 4 பலகை திரும்பாது. ஜிப்சமும் பிளைவுட்டும் 6 × 4 ஆக வாங்கப்பட்டன. டஃபண்ட் கண்ணாடியைத் தளத்தில் வெட்ட முடியாது, ஆகவே படிக்கட்டை அளந்த பிறகே கண்ணாடிக்கு அளவு.

குடிபோன ஆறாம் மாதம், வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு, மறுபடி பார்த்ததில் தட்டுகள் தொய்யவில்லை, பூஞ்சை இல்லை. காணொலி அறை ஒன்று போதவில்லை. இரண்டு கோர்ட்டில் ஒரே நேரத்தில் ஐட்டம் வரும்போது சிறிய கலந்தாலோசனை அறை அதற்குப் போகிறது, மாலைக் கட்சிக்காரர்கள் காத்திருக்கிறார்கள். எதிர்பாராத கசிவு ஒன்றும் தெரிந்தது. கூடத்தில் சத்தம் போட முடியாததால் ஜூனியர்கள் செல்போனோடு முற்றத்தருகே போய்ப் பேசுகிறார்கள். முற்றம் புகைபோக்கிபோல் அந்தப் பேச்சைக் கீழ்த்தளக் கடைக்குத் துல்லியமாகக் கொண்டுபோகிறது. காபி மேடைக்குப் பக்கத்தில் 3 அடிக்கு 3 அடியில் கதவுள்ள ஒரு போன் கூண்டு இப்போது அடிக்கிறார்கள், அதே இரட்டை போர்டு, அதே இறங்கும் சீல்.